கிடங்கு நாடாவிலிருந்து தொகுப்பு வரை: பழைய ராக்கபில்லி ஒலிப்பதிவுகள் திரட்டப்படும் விதம்

1980-களில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றாவது இருக்கும். வேண்டிய பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தம்மிடம் உள்ள இசைத்தட்டுகளிலிருந்து அவற்றை வெற்றுக் கேசட்டில் பதிந்து, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார். அமெரிக்காவின் பழைய இசைத்தட்டு நிறுவனங்களின் கிடங்குகளிலிருந்து ராக்கபில்லிப் பாடல்களைத் திரட்டி வெளியிடப்படும் தொகுப்புகளையும் பலர் இந்தக் கேசட்டின் பெரிய வடிவமாகவே எண்ணுகிறார்கள். நல்ல இருபது பாட்டைத் தேர்ந்தெடுத்து, இரைச்சலைக் கணினியால் நீக்கி, அட்டைப்படம் போட்டால் வேலை முடிந்தது என்று பேசப்படுவதை அடிக்கடி கேட்கலாம்.

உண்மையில் பாடலைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. ஒரு பாடலின் ஒலி ஓரிடத்திலும், அதைப் பற்றிய காகிதம் வேறோரிடத்திலும், அதை வெளியிடும் உரிமை மூன்றாவது இடத்திலும் கிடக்கும். பிரிந்து கிடக்கும் இம்மூன்றையும் ஒன்று சேர்ப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் உழைப்பு செலவாகிறது.

முதலில், ராக்கபில்லி என்பது என்ன?

1950-களின் நடுவில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வெள்ளையர்களின் கிராமிய இசையும் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையும் கலந்து உருவான வேகமான பாட்டு முறையே ராக்கபில்லி. ராக் என்ற சொல்லையும், மலைநாட்டுக் கிராமத்தானைக் குறிக்கும் ஹில்பில்லி என்ற சொல்லையும் ஒட்டிப் பிறந்தது அந்தப் பெயர். இலக்கணம் சொல்வதைவிட ஓர் இசைத்தட்டைக் காட்டுவது எளிது. மெம்ஃபிஸ் நகரத்தின் சன் ரெக்கார்ட்ஸ் 1954 ஜூலையில் 209 என்ற எண்ணில் வெளியிட்ட, எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஆர்தர் க்ரூடப் என்ற ப்ளூஸ் பாடகரின் 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலும், மறுபக்கத்தில் ப்ளூகிராஸ் என்ற வெள்ளையர் கிராமிய இசை வகையின் கலைஞரான பில் மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி' பாடலும் இருந்தன. இரண்டையும் ஸ்காட்டி மூரின் மின்கிதாரும் பில் பிளாக்கின் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் ஒரே துள்ளலோடு தாங்கின. மேளக்காரர் கூட இல்லை. பாஸின் தந்தியை இழுத்து விடும்போது அது பலகையில் மோதி எழுப்பும் 'டக்' என்ற ஓசையே தாளமாக நின்றது.

இந்த இசை உச்சத்தில் இருந்த காலம் ஏறக்குறைய ஐந்தே ஆண்டுகள். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில், எல்விஸைப் போல ஒருவர் தங்களுக்கும் கிடைக்கமாட்டாரா என்ற ஆசையில், பெரிய நிறுவனங்கள் முதல் சிற்றூர்க் கடைக்காரர்கள் வரை பலரும் இளைஞர்களை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துப் பாடவைத்தார்கள். பெரும்பாலான தட்டுகள் விற்கவில்லை; பதிந்தவற்றில் கணிசமானவை வெளிவரவே இல்லை. இன்றைய தொகுப்புகளுக்கான மூலப்பொருள் அந்தத் தோல்விகளின் குவியல்தான்.

கிடங்கில் இருப்பது எது?

தம் பெயர் பொறித்த முத்திரைத் தாளைத் தட்டின் நடுவில் ஒட்டி விற்கும் நிறுவனத்தை இசைத்துறையில் லேபிள் என்பார்கள். சன், மீட்டியர், கிங், டெக்கா, கேப்பிட்டல் எல்லாம் லேபிள்கள். லேபிளின் கிடங்கு என்றதும் பழைய தட்டுகள் அடுக்கிய அலமாரிகளை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அங்கே முக்கியமானது தட்டு அல்ல, ஒலிநாடா.

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டை நகலெடுத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். இசைத்தட்டிலிருந்து நேராகப் பதிந்த கேசட் தெளிவாக இருக்கும். அதிலிருந்து நண்பர் நகலெடுத்தது சற்று மங்கும். நண்பரின் நண்பரிடம் போய்ச் சேரும்போது பாட்டுக்குச் சமமாக 'உஸ்' என்ற இரைச்சலும் ஒலிக்கும். இப்படி ஒவ்வொரு நகலெடுப்பையும் ஒரு தலைமுறை என்று கணக்கிடுவார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் கலைஞர்கள் பாடும்போதே ஓடிய நாடா முதல் தலைமுறை. அதில் ஒரே பாட்டைப் பலமுறை பாடிப் பார்த்திருப்பார்கள். அந்த ஒவ்வொரு முயற்சிக்கும் டேக் என்று பெயர். தேறிய டேக்கை வெட்டி எடுத்தோ நகலெடுத்தோ வெளியீட்டுக்கென்று தயாரித்த நாடா மாஸ்டர் எனப்படும். மாஸ்டரை ஓடவிட்டு, மென்மையான பூச்சுள்ள ஒரு தட்டில் பள்ளம் கீறி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சில் அழுத்திய பிறகே கடையில் விற்ற தட்டு பிறந்தது. ஆகவே கடைக்கு வந்த தட்டு, கலைஞரின் குரலிலிருந்து பல படிகள் விலகியது.

தொகுப்பாளர் தேடுவது அந்தப் படிகளில் எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே இருக்கும் நாடாவை. சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கும் அரிய முதல் அச்சுத் தட்டு, ஒலியைப் பொறுத்தவரை, தூசி படிந்த ஒரு பெட்டிக்குள் இருக்கும் நாடாவுக்கு ஈடாகாது.

ஆனால் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். சன் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறுவனர் சாம் ஃபிலிப்ஸ் 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றபோது, எல்விஸின் நாடாக்களும் உடன் சென்றன. மீதியிருந்த கிடங்கை அவர் 1969-இல் ஷெல்பி சிங்கிள்டன் என்பவருக்கு விற்றார். அது நாஷ்வில்லுக்குப் போனது. 2021-இல் மீண்டும் கை மாறியது. ஆகவே எல்விஸை உலகுக்குத் தந்த சன் நிறுவனத்தின் கிடங்கிலேயே எல்விஸின் முதல் தட்டுகளுக்கான நாடாக்கள் கிடையாது. பிற லேபிள்களின் கதையும் இதைப் போன்றதே. டெக்காவும் கேப்பிட்டலும் ஒருகாலத்தில் போட்டியாளர்கள். இன்று இரண்டின் சொத்தும் யுனிவர்சல் என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன.

நாடாக்கள் அழிந்தும் போயிருக்கின்றன. நாடா விலையுயர்ந்த பொருளாக இருந்ததால், தேறாத பதிவின் மேலேயே அடுத்த பாட்டைப் பதிந்த சிறு நிறுவனங்கள் உண்டு. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் எரிந்த கட்டடங்களில் ஒன்றில் மாஸ்டர் நாடாக்கள் வைக்கப்பட்டிருந்தன. அந்த இழப்பின் அளவு 2019-இல் பத்திரிகைச் செய்தியாகும் வரை பொதுமக்களுக்குத் தெரியவில்லை. அது எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தட்டு என்பது பல தலைமுறை கடந்த நகல்; தொகுப்பாளருக்கு வேண்டியது முதல் தலைமுறை நாடா; அந்த நாடா லேபிளின் பெயரைத் தொடர்ந்து போனால் கிடைக்காது, விற்பனைப் பத்திரங்களைத் தொடர்ந்து போனால்தான் கிடைக்கும்.

காகிதம் இல்லாத நாடா

பெட்டி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே பென்சிலில் ஒரு பெயரும், பாதி அழிந்த ஒரு தலைப்பும் இருக்கும். உள்ளே பாடுபவர் அவர்தானா, எப்போது பாடினார், வாசித்தவர்கள் யார் என்பதற்கு நாடா பதில் சொல்லாது.

இதற்கு மூன்று வகைக் காகிதங்கள் உதவுகின்றன. முதலாவது மேட்ரிக்ஸ் எண். பதிவான ஒவ்வொரு பாட்டுக்கும் லேபிள் கொடுத்த வரிசை எண் அது. தட்டின் முத்திரைத் தாளிலும், பள்ளங்கள் முடிந்து வெறுமையாக இருக்கும் உள்வட்டத்திலும் அதைக் காணலாம். எல்விஸின் முதல் தட்டில் ஒரு பக்கம் யு-128, மறுபக்கம் யு-129. எண்கள் வரிசையில் இடையில் ஒன்று விடுபட்டிருந்தால், அங்கே வெளிவராத ஒரு பாட்டு இருந்திருக்கலாம் என்று தொகுப்பாளரின் காது நிமிரும். இரண்டாவது, இசைக் கலைஞர் சங்கத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஊதியப் படிவம். யார் யார் எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் வாசித்தார்கள் என்பது சம்பளத்துக்காக அதில் எழுதப்பட்டது. வரலாற்றுக்காக எழுதப்படாததாலேயே அது நம்பத்தக்கது என்று நினைக்கத் தோன்றும்; ஆனால் சிறு நிறுவனங்களில் படிவத்தைப் பல நாள் கழித்து நிரப்பிய வழக்கமும் இருந்ததால், தேதியை அப்படியே ஏற்க முடியாது. மூன்றாவது, நாடாப் பெட்டியின் மேலுள்ள கையெழுத்தும் கணக்குப் புத்தகங்களும்.

இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உருவாக்கும் பட்டியலுக்கு டிஸ்காகிராஃபி என்று பெயர். எந்தப் பாட்டு, எந்த நாள், எங்கே, யாரால் பதியப்பட்டது என்பதன் விவரப் பட்டியல் அது. சன் நிறுவனத்தைப் பொறுத்தவரை, காலின் எஸ்காட், மார்ட்டின் ஹாக்கின்ஸ் என்ற இருவர் 1970-களிலிருந்து செய்த ஆய்வு இன்றைக்கும் அடித்தளமாக இருக்கிறது. அமெரிக்காவில் இந்தப் பாடல்கள் மறக்கப்பட்டிருந்த காலத்தில் இப்பணி பெரும்பாலும் ஐரோப்பாவில் நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் சார்லி, ஏஸ் ஆகிய நிறுவனங்களும், 1975-இல் ரிச்சர்ட் வைட்சே ஜெர்மனியில் தொடங்கிய பேர் ஃபேமிலி நிறுவனமும் இத்துறையின் முன்னோடிகள்.

ஒரே பாட்டின் பல டேக்குகளை என்ன செய்வது என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. சுவடிப் பதிப்பைப் பற்றிச் சிறிது அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரே செய்யுளைப் பல ஏடுகளில் ஒப்பிட்ட பதிப்பாசிரியர், மூலமாக ஒன்றைக் கொண்டு, மற்றவற்றைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் காட்டுவார். ராக்கபில்லித் தொகுப்பில் வெளியான டேக் மூலம். வெளிவராத டேக்குகள் பாடபேதங்கள். ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டில் பாடபேதம் பெரும்பாலும் எழுதியவர் கைப்பிழை. இங்கே ஒவ்வொரு டேக்கும் அதே கலைஞர் அதே மாலையில் உண்மையாகவே பாடியது. சில சமயம் தேறாத டேக்கே உயிருள்ளதாக இருக்கும், நிறுவனத்துக்கு வேண்டிய ஒழுங்கு மட்டும் அதில் இராது.

நாடா கிடைக்காதபோது

பல சிறு லேபிள்களுக்கு நாடாவே எஞ்சவில்லை. அப்போது தொகுப்பாளர் மீண்டும் கீழ்ப்படிக்கு இறங்கித் தட்டையே மூலமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. விற்காமல் பெட்டியிலேயே கிடந்த, ஊசி படாத பிரதிக்கு இங்கே தனி மதிப்பு. ஒரே பாட்டின் இரண்டு மூன்று பிரதிகளைத் திரட்டி, ஒன்றின் தொடக்கத்தையும் மற்றொன்றின் முடிவையும் இணைத்து ஒரு முழுப் பாட்டாக்குவதும் உண்டு. நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டின் பள்ளம் அகலமானது, 45 சுழற்சித் தட்டின் பள்ளம் குறுகலானது. ஒன்றுக்குரிய ஊசியை மற்றொன்றில் வைத்தால் ஒலியும் கெடும், தட்டும் கெடும்.

தட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே அசிடேட் என்ற ஒரு பொருள் உண்டு. பதிந்த பாட்டை உடனே கேட்டுப் பார்ப்பதற்காக, அலுமினியத் தகட்டின் மேல் பூசிய பூச்சில் நேரடியாகக் கீறிய ஒற்றைத் தட்டு அது. (பெயர்தான் அசிடேட், பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். உண்மையில் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை அக்காலத்து ஒலிநாடாக்கள் பல. இந்தப் பெயர்க் குழப்பம் வல்லுநர்களையே சறுக்க வைக்கும்.) எல்விஸ் 1953-இல், யாரும் அறியாத இளைஞராக, சன் நிறுவனம் இயங்கிய அதே கூடத்தில் சுமார் 4 டாலர் கட்டணம் செலுத்தி 'மை ஹாப்பினஸ்' பாடலைப் பதிந்துகொண்டது இத்தகைய தட்டில்தான். அதற்கு நாடா இல்லை, நகல் இல்லை. பள்ளித் தோழர் ஒருவரின் வீட்டில் பல பத்தாண்டுகள் இருந்த அது 2015 ஜனவரியில் 3,00,000 டாலருக்கு ஏலம் போனது. வாங்கிய இசைக்கலைஞர் ஜாக் வைட் அதைக் கொண்டு அதே ஆண்டில் புதிய இசைத்தட்டு வெளியிட்டார்.

ஒலியைச் சீர்செய்தல்: செய்யத்தக்கதும் தகாததும்

இரைச்சல் நீக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது கடைசியில் வரும் வேலை. முதல் வேலை நாடாவைச் சரியாக ஓடவிடுவது. 1950-களின் அசிடேட் நாடா காய்ந்து முறுகியிருக்கும்; ஒட்டுகள் விட்டுப்போகும். ஆனால் அது இழுபட்டு நீளாமல் துண்டாக முறிவதால், மீண்டும் ஒட்டி முழுமையாகக் கேட்க முடிகிறது. பழைய நாடாவை எல்லாம் அடுப்பில் சூடாக்கித்தான் மீட்பார்கள் என்பது பரவலான தவறான எண்ணம். அந்த முறை 1970, 80-களில் வந்த, பசை கசியும் பாலியெஸ்டர் நாடாக்களுக்கு உரியது. அசிடேட் நாடாவைச் சூடாக்கினால் அது பாழாகும்.

அடுத்து, நாடாவைப் படிக்கும் காந்த முனையின் கோணத்தை, 70 ஆண்டுகளுக்கு முன் அதைப் பதிந்த கருவியின் கோணத்தோடு பொருத்த வேண்டும். இந்தக் கோணம் மாறினால் பாட்டின் மேற்சுரங்கள் மங்கும். இதைச் சரியாகச் செய்துவிட்டால், கணினியில் செய்வதற்கு மிஞ்சுவது சொற்பம். கணினியைக் கொண்டு இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கும்போது, சிம்பலின் சிலிர்ப்பும் கூடத்தின் காற்றும் சேர்ந்தே போய்விடுகின்றன; போர்வைக்குள்ளிருந்து பாடுவது போன்ற ஒலி மிஞ்சுகிறது. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்று விடுவதே என் பார்வையில் நல்ல தொகுப்பின் அடையாளம்.

சன் பதிவுகளில் கேட்கும் அந்தத் துடிப்பான எதிரொலியையும் பலர் குறையாக எண்ணி மாற்ற முனைந்திருக்கிறார்கள். அது ஸ்லாப்பேக் எனப்படும் உத்தி. சாம் ஃபிலிப்ஸ் ஒரு நாடாக் கருவியில் பதியும் ஒலியை இரண்டாவது கருவி வழியாகச் செலுத்தி, நாடா ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நகரும் நொடியின் சிறு பகுதி தாமதத்தோடு முதல் ஒலியில் கலந்தார். பாடும்போதே கலந்துவிட்டதால் அது நாடாவில் நிரந்தரமாக ஒட்டியது; பிரிக்க முடியாது. எல்விஸ் ஆர்.சி.ஏ.வுக்குப் போனபின் 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பதியும்போது, அந்த ஒலியை அங்கே கொண்டுவர முடியாமல் கட்டடத்தின் நடைவழியையே எதிரொலிக்குப் பயன்படுத்தினார்கள்.

இதைவிட மோசமானது பொய்ஸ்டீரியோ. ஒற்றைத் தடத்தில் பதிந்த பாட்டை, தாழ்சுரங்களை ஒரு பக்கமும் மேற்சுரங்களை மறுபக்கமுமாகப் பிரித்து, ஸ்டீரியோ என்று 1960, 70-களில் விற்றார்கள். இன்றும் மலிவுத் தொகுப்புகளில் அந்த நாடாக்களின் நகல்கள் ஒளிந்திருக்கின்றன.

சுருங்கச் சொன்னால், நல்ல ஒலி என்பது சரியான மூலத்தைத் தேடிப்பிடித்துச் சரியாக ஓடவிட்டதன் விளைவு. கணினி அதற்குத் துணை, மாற்று அன்று.

உரிமை: மிக அதிகமாகக் குழம்பும் இடம்

'பழைய பாட்டுதானே, யார் வேண்டுமானாலும் போடலாமே' என்ற பேச்சு பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உள்ளன. ஒன்று பாட்டை இயற்றியவருடையது. மற்றொன்று அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்குரியது. வீட்டைக் கட்டியவருக்கு ஒரு பத்திரம், நிலத்துக்கு வேறு பத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு இருந்தது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை 70 ஆண்டுகளாக உயர்த்தியபோது, ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. ஆகவே 1962 வரை அங்கே வெளியான பதிவுகள் பொதுச்சொத்து. 'தட்ஸ் ஆல் ரைட்' பதிவு 2005 ஜனவரி 1 அன்றே அந்த நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அதை இயற்றிய க்ரூடப் இறந்தது 1974-இல். ஐரோப்பிய விதிப்படி இயற்றியவரின் உரிமை இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிப்பதால், அந்தப் பாட்டுக்கான கட்டணம் 2044 முடியும் வரை செலுத்தப்பட வேண்டும். அமெரிக்காவிலோ கதையே வேறு. 2018-இல் இயற்றிய சட்டத்தின்படி, 1947 முதல் 1956 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 110 ஆண்டுகள் பாதுகாப்பு. அதற்குப் பின் 1972 பிப்ரவரி 15-க்கு முன் வரை பதிந்தவற்றுக்கு 2067 பிப்ரவரி வரை. ஐரோப்பியக் கடையில் சட்டப்படி விற்கும் ஒரு தொகுப்பு அமெரிக்காவில் சட்டமீறலாக இருப்பது இதனால்தான்.

பொதுச்சொத்து ஆனதால் நாடா கிடைத்துவிடும் என்பதும் தவறு. சட்டம் பதிவை வெளியிட அனுமதிக்கிறது. கிடங்கின் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. அதனால் மலிவுத் தொகுப்பாளர்கள் பிறருடைய குறுந்தகட்டையே மூலமாக எடுத்துக்கொள்கிறார்கள். நாடாவுக்காகப் பணம் செலுத்தி, உரிமம் வாங்கி, ஆண்டுக்கணக்கில் உழைத்தவரின் பலன் சில வாரங்களில் பாதி விலைக்கு விற்கப்படுகிறது. சட்டப்படி இதில் குற்றம் காண்பது கடினம். நியாயப்படி காண்பது எளிது.

நாடாவும் உரிமையும் பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1956 டிசம்பர் 4 நல்ல சான்று. அன்று சன் கூடத்தில் அந்நிறுவனத்தின் பாடகர் கார்ல் பெர்கின்ஸ் ஒலிப்பதிவில் இருந்தார்; பியானோ வாசிக்க வந்திருந்தவர் ஜெர்ரி லீ லூயிஸ். சன்னின் மற்றொரு பாடகரான ஜானி கேஷும் வந்தார். பழைய இடத்தைப் பார்க்க எல்விஸும் வந்து சேர, நால்வரும் பியானோவைச் சூழ்ந்து பாடத் தொடங்கினார்கள், நாடா ஓடிக்கொண்டிருந்தது. (கேஷின் குரல் அதில் கேட்கிறதா என்பது இன்றும் வாதத்துக்குரியது.) நாடா சன் கையில், ஆனால் எல்விஸின் குரல் ஒப்பந்தப்படி ஆர்.சி.ஏ.வுக்கு உரியது. விளைவு, உலகம் முழுவதும் ஆசைப்பட்ட அந்த நாடாவின் ஒரு பகுதி ஐரோப்பாவில் 1981-இல்தான் வெளிவந்தது. ஆர்.சி.ஏ. அமெரிக்காவில் அதை வெளியிட 1990 ஆனது.

அடுக்கும் முறை

எல்லாம் கைக்கு வந்தபின் தொகுப்பாளருக்கு ஒரு தேர்வு மிஞ்சுகிறது: கேட்பவருக்காக அடுக்குவதா, வரலாற்றுக்காக அடுக்குவதா? பேர் ஃபேமிலி 1992-இல் தொடங்கிய ராக்கபில்லி வரிசையில் ஒரு தகட்டுக்கு ஒரு லேபிள் என்று பிரித்து, முதல் தகட்டை ஆர்.சி.ஏ.வுக்கு ஒதுக்கியது. அப்படிக் கேட்கும்போது தனிப் பாடகரைவிட அந்த நிறுவனத்தின் கூடமும் வாத்தியக்காரர்களும் ஆசையும் காதில் விழுகின்றன. ஒரே கலைஞரின் எல்லா டேக்குகளையும் நாள் வரிசையில் அடுக்கும் பெட்டித் தொகுப்பு வேறு வகை. ஒரே பாட்டை அடுத்தடுத்து ஆறு முறை கேட்க எல்லோருக்கும் பொறுமை இராது; எனக்கும் பல நாள்களில் இருப்பதில்லை.

ஆனால் அந்த வகைத் தொகுப்பில்தான் பாட்டுகளுக்கு நடுவே இருந்தவையும் கிடைக்கின்றன. 1957-இல் 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பதியும்போது, இப்படிப்பட்ட பாட்டைப் பாடுவது பாவம் அல்லவா என்று ஜெர்ரி லீ லூயிஸுக்கு ஐயம் வந்துவிட்டது. பைபிளை மேற்கோள் காட்டி அவர் வாதிட, ஆன்மாவை இசையாலும் காப்பாற்றலாம் என்று சாம் ஃபிலிப்ஸ் பதில் சொல்ல, இருவரும் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டே போகிறார்கள். நாடா ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சு அக்காலத்துத் தட்டு எதிலும் வரவில்லை, எந்தப் படிவத்திலும் எழுதப்படவில்லை. நாடாவை முழுமையாக ஓடவிட்டுக் கேட்டவர்களுக்கே அது கிடைத்தது. அந்தச் சச்சரவுக்குப் பிறகு அவர் அந்தப் பாட்டைப் பாடத்தான் செய்தார்.